1910-ல் ஒரு பெரிய கார்: எந்த டயரைப் பூட்டுவது?

1907-ல் வெள்ளிப் பூச்சுப் பூசிய ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 ஒன்று லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர் வாங்கிய வண்டி அதுதான். மொத்தம் 15,000 மைல். அதில் 14,371 மைலைக் கோளாறு என்று எங்கும் நிற்காமல் ஓடிக் கடந்தது. ஓட்டம் முடிந்ததும் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிப் புதுசாக்க 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ் போதும் என்றார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் மெல்ல முழுங்கிவிடுவார்கள். டயருக்காக நின்றால் அது நின்றதாகவே கணக்கில் வராது. பஞ்சர் என்பது மழை, பனி மாதிரி. அதற்காக வண்டி செய்தவர் மேல் பழி போடக் கூடாது என்பது அன்றைய நியாயம். எஞ்சின் 15,000 மைலைச் சிரித்துக்கொண்டே தாங்கியது. ஆனால் இரண்டு டன்னை நெருங்கும் ஒரு காரின் பின்சக்கர டயர் அந்தக் காலத்தில் 2,000, 3,000 மைல் ஓடினாலே சொந்தக்காரர் திருப்தியாக இருந்தார். 3,000 என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 15,000 மைலுக்கு ஐந்து செட், அதாவது இருபது டயர். காரை ஒரு தடவைதான் வாங்கினார்கள். டயரை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

சரி, நாம் 1910-ல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே மாதிரி ஒரு பெரிய சேஸி, அதன் மேல் ஏழு பேர் உட்காரும் மூடிய லிமூசின் பாடி. கூரையில் பெட்டிகள். லண்டனில் ஒரு வீடு, நூறு மைல் தள்ளி கிராமத்தில் இன்னொரு வீடு. வண்டி ஓட்ட சோஃபர் இருக்கிறார். கடையில் நாலு வகை டயர் கிடைக்கிறது. எதை எடுப்பது?

முதலாவது கெட்டி ரப்பர். உள்ளே காற்று கிடையாது, முழுக்க ரப்பர்தான். பஞ்சர் என்ற பேச்சே இல்லை. 1895-ல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் பந்தயத்தில் எமில் லெவாசோர் இப்படிப்பட்ட சக்கரங்களோடுதான் 48 மணி நேரம் 48 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். அதே பந்தயத்தில் காற்று அடைத்த டயரோடு ஓடியவர்கள் மிஷலின் சகோதரர்கள். கொண்டுபோன 22 டியூப்பும் தீர்ந்துபோய், வழியெல்லாம் ஒட்டு போட்டுப் போட்டு, நூறு மணி நேரக் கெடுவும் தாண்டி வந்தார்கள். அன்றைக்கு அதைப் பார்த்த யாரும் காற்று டயரில் காசு போட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் வேகம் கூடக் கூட கெட்டி டயரின் குணம் மாறிவிடும். அது தான் பிழைத்துக்கொள்ளும், வண்டியைக் கொன்றுவிடும். சாலையின் ஒவ்வொரு கல்லும் ஸ்பிரிங், ஆக்ஸில், ரேடியேட்டர், விளக்கு, பாடியின் மரப்பூட்டு என்று எல்லாவற்றையும் உலுக்கும். டயரில் மிச்சம் பிடித்த பணத்தை பாடி செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். அது போதாதென்று, தடித்த ரப்பர் வேகத்தில் திரும்பத் திரும்ப நசுங்கும்போது நடுவில் சூடு தேங்கும், வெளியேற வழி இல்லை. மணிக்கு 15, 20 மைலுக்கு மேல் போகிற வண்டிக்கு அது சரிவராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஊருக்குள்ளேயே ஓடுகிற மின்சாரக் கார். அமெரிக்காவில் 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' கார்களுக்கு மோட்ஸ் என்ற குஷன் டயரைப் பூட்டிக்கொள்ளலாம். அதாவது கெட்டி ரப்பரிலேயே பக்கவாட்டில் குடைந்து, கொஞ்சம் அமுங்கும்படி செய்தது. அதற்கு 10,000 மைல் உத்தரவாதம் என்று விளம்பரம் வந்தது. சீமாட்டிகள் தாங்களே ஓட்டிப் போகிற வண்டி, நடுத்தெருவில் பஞ்சர் ஆனால் யார் மாற்றுவது? அந்தக் கணக்கில் குஷன் டயர் புத்திசாலித்தனம். நம்முடைய நூறு மைல் பயணத்துக்கு இல்லை.

இரண்டாவது வகை, அன்றைக்கு எல்லாரும் போட்டது: கித்தான் உடம்பு கொண்ட காற்று டயர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் பஞ்சர் கடை அண்ணன் ஒருமுறை வெடித்துப்போன டயரைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். வெளியே பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. உள்ளே நூல் கருகி, விரலால் இழுத்தால் பஞ்சு மாதிரி பிரிந்து வந்தது. "தேஞ்சு போற டயர் கம்மி சார். சூட்டுல போறதுதான் ஜாஸ்தி" என்றார். 1910-ன் டயரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதன் நோயை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அன்றைய டயரின் எலும்பு பருத்திக் கித்தான். நம் வேட்டி மாதிரி பாவும் ஊடையுமாக நெய்தது, ஆனால் தடிப்பானது. ரப்பர் பூசிய ஐந்தாறு அடுக்கை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, மேலே தரையில் படும் ரப்பர் மிதிப்பைப் போர்த்தி, சூட்டில் வேகவைத்து எடுப்பார்கள். நெய்த துணியில் ஒவ்வொரு நூலும் இன்னொரு நூலின் மேல் ஏறி இறங்குகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் தரையில் படும் இடம் ஒருமுறை அமுங்கி நிமிரும். ஒவ்வொரு அமுங்கலிலும் பாவு ஊடையை அறுக்கிறது, ஊடை பாவை அறுக்கிறது. ரம்பத்தால் இழைக்கிற மாதிரிதான். ஒரு மைலுக்குக் கிட்டத்தட்ட அறுநூறு சுற்று. உராய்ந்தால் சூடு, சூட்டில் நூல் பலவீனம், பலவீனமான நூல் இன்னும் நெளியும், இன்னும் சூடு. கடைசியில் ஒரு வெயில் நாளில், இறக்கத்தில், துப்பாக்கி வெடித்த சத்தம். மேலே மிதிப்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே "தடிப்பாக மிதிப்பு போட்டால் நாள்பட உழைக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பக் கூடாது. தடித்த ரப்பர் சூட்டுக்குப் போர்வை போர்த்துகிற வேலையைத்தான் செய்யும். ஆணிக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, வெடிப்புக்குக் கூடுதல் ஆபத்து.

ஆணி என்று சொன்னதும் மூன்றாவது வகை நினைவுக்கு வருகிறது. குதிரை வண்டிகள் நிறைந்த காலம்; லாட ஆணி உதிராத சாலை கிடையாது. 1898-ல் மிஷலின் போட்ட சுவரொட்டியில் அந்த டயர்மனிதன் பிபென்டம் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் கோப்பை நிறைய ஆணியும் உடைந்த கண்ணாடியும்தான். எங்கள் டயர் இதையெல்லாம் குடித்துவிடும் என்று அர்த்தம். உண்மையில் ஆணிதான் டயரைக் குடித்தது. அதற்கு மாற்றாக வந்தது, டயரின் மேல் தோலை ஒட்டி, தோலில் எஃகுக் குமிழ்களை அறைந்த ரகம். பிரான்ஸின் சாம்ஸன், மிஷலினின் 'ஸெமெல்' எல்லாம் இந்த வகை. ஸெமெல் என்றால் செருப்பின் அடித்தோல்.

இதன் முதல் நோக்கம் பஞ்சர் தடுப்பது கூட இல்லை, வழுக்காமல் பார்ப்பது. ஈரமான மரக்கட்டை பாவிய லண்டன் தெருவில், மேலே குதிரைச் சாணிக் குழம்பு, வழுவழு டயரோடு பிரேக் அடித்தால் இரண்டு டன் வண்டி பக்கவாட்டில் நடனம் ஆடும். எஃகுக் குமிழ் அங்கே பிடித்து நிற்கும். ஆனால் காய்ந்த சாலையில் வேகமாகப் போனால் குமிழ்கள் சூடேறி, தோலைச் சுட்டு, ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். தண்ணீரில் ஊறி ஊறித் தோலும் மக்கிப்போகும். தோல் கித்தானுக்குப் போர்வையாகிச் சூட்டை வெளியே விடாது, அதே பழைய நோய். அதனால் விவரமான சோஃபர்கள் நாலு சக்கரத்துக்கும் இதைப் போடவில்லை. பின்சக்கரம் ஒன்றில் குமிழ் டயர், மற்றதில் வழுவழு டயர் என்று கலந்து போட்டார்கள். குளிர்கால லண்டனுக்கு அந்தக் கலவையை நானும் ஏற்பேன். கோடையில் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும்.

நான்காவது, கயிறு டயர். பாமர் கார்ட். ஜே.எஃப். பாமர் என்ற அமெரிக்கர் 1890-களின் தொடக்கத்தில் சைக்கிள் டயருக்காக யோசித்த வழி இது. யோசனை எளிமையானது: துணியையே நெய்ய வேண்டாம். நூல்களை ஒரே திசையில் பக்கம் பக்கமாகப் படுக்க வை. ஒவ்வொன்றும் ரப்பரில் ஊறி, ரப்பருக்குள்ளேயே கிடக்கட்டும். அடுத்த அடுக்கு எதிர்ச்சாய்வில். இரண்டு அடுக்குக்கும் நடுவே ரப்பர் மெத்தை. நூல் நூலைத் தொடாது. ரம்பமே இல்லை. கார் டயரில் இதைத் தடித்த கயிறாகவே போட்டு, கித்தானில் ஐந்தாறு அடுக்கு செய்த வேலையை இரண்டே அடுக்கில் முடித்தார்கள். அடுக்கு குறைந்தால் அமுங்குவதும் சுலபம், சூடும் குறைவு. லண்டனை ஒட்டிய சில்வர்டவுன் ஊரின் ரப்பர் ஆலையில் செய்தார்கள். 1910 வாக்கில் அந்த உரிமையை அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் அவர்கள் விற்ற கயிறு டயருக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: 'சில்வர்டவுன் கார்ட்'.

இதன் குறை விலை. கித்தானைத் தறியில் பேல் பேலாக நெய்து அறுத்துப் போட்டுவிடலாம். கயிறு டயரில் கைவேலை அதிகம். அங்கேதான் பலரும் சறுக்கினார்கள். கணக்குக்காக, கித்தான் டயர் 100 ரூபாய், கயிறு டயர் 140 ரூபாய் என்று வைப்போம். முதலாவது 3,000 மைல், இரண்டாவது 6,000 மைல் ஓடுகிறது. மைலுக்கு முன்னதில் மூன்று காசுக்கு மேல், பின்னதில் இரண்டரைக் காசு கூட வரவில்லை. அதோடு நடுவழியில் வெடிக்கும் தடவையும் பாதியாகிறது. மழையில் சாலையோரம் நிற்கும் சீமானின் கோபத்துக்கு எந்தக் கணக்கில் காசு எழுதுவது? என் ஓட்டு கயிறு டயருக்கு. யோசிக்கவே தேவையில்லை. பின் ஏன் எல்லாரும் வாங்கவில்லை என்றால், ஒரு காரணம் வண்டிக்கு வெளியே இருக்கிறது. டயர் வாங்கும் இடத்தில் சோஃபருக்குக் கமிஷன் போய்க்கொண்டிருந்தது. அடிக்கடி மாற்றினால் அடிக்கடி கமிஷன். நீண்ட நாள் உழைக்கும் டயரைப் பற்றி முதலாளி காதில் போட அவருக்கு என்ன வந்தது?

ஆனால் எந்த வகையை எடுத்தாலும் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: அளவு. அன்றைய டயரின் பக்கத்தில் 875×105 என்று போட்டிருக்கும். முதல் எண் சக்கரத்தோடு சேர்த்து வெளிவிட்டம், இரண்டாவது டயரின் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். இதற்குப் பதிலாக 880×120 எடுத்தால் உயரம் 5 மில்லிமீட்டர்தான் கூடுகிறது, பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் உள்ளே காற்று நிற்கும் இடம் உத்தேசமாக முப்பது சதவீதம் கூடிவிடுகிறது. அதே பாரத்தைச் சுமக்கக் குறைவாக அமுங்கினால் போதும். குறைவாக அமுங்கினால் குறைவான சூடு. 'ஓவர்சைஸ்' என்று சொல்லியே விற்றார்கள். பிற்பாடு கனமான சில்வர் கோஸ்ட் வண்டிகள் 895×135 வரைக்கும் போனதற்கும் இதுதான் காரணம். காசு ஒரே ஒரு இடத்தில்தான் போட முடியும் என்றால், சின்ன கயிறு டயரைவிடப் பெரிய கித்தான் டயரை எடுப்பேன். இது கொஞ்சம் துணிச்சலான முடிவு என்று தெரியும். ஆனால் டயரின் அகலத்துக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டு உடம்பின் தரத்தால் ஈடுகட்ட முடிந்ததாக எனக்குப் படவில்லை.

பாரத்தைப் பகிர்ந்துகொடுக்க வேண்டும் என்ற இதே எண்ணம் ஒருவர் தலைக்கு ரொம்பவே ஏறிவிட்டது. அமெரிக்காவின் இண்டியானாவில் மில்டன் ரீவ்ஸ் என்பவர் 1911-ல் எட்டுச் சக்கரக் கார் ஒன்றைச் செய்தார். பெயர் 'ஆக்டோஆட்டோ', நீளம் இருபதடி, விலை 3,200 டாலர். சக்கரத்துக்குப் பாரம் பாதி, அதனால் டயர் நாள்பட உழைக்கும் என்றார். யாரும் வாங்கவில்லை. எட்டு டயர் இருந்தால் எட்டு இடத்தில் ஆணி ஏறும் என்று குழந்தைக்கும் தெரியும்தானே.

காற்றழுத்தத்தை விட்டால் பேச்சு முடியாது. அன்றைய டயரின் விளிம்பில் இரும்புக் கம்பி இல்லை. ரப்பர் விளிம்பைக் கொக்கி மாதிரி வளைத்து ரிம்மின் உதட்டுக்குள் செருகியிருப்பார்கள்; உள்ளே இருக்கும் காற்றுதான் அதைப் பிடித்து வைக்கும். ஆகவே சதுர அங்குலத்துக்கு 60, 70, 80 பவுண்டு என்று இறுக்கமாக அடிக்க வேண்டும். உடம்பு குலுங்குகிறதே என்று சீமாட்டி சொன்னதும் சோஃபர் பத்துப் பவுண்டு இறக்கிவிடுவார். பயணம் சுகமாகும், டயரின் பக்கவாட்டு நெளிந்து நெளிந்து ரிம்மின் உதடு விளிம்பை அறுக்க ஆரம்பிக்கும். திருப்பத்தில் டயரே கழன்று ஓடிவிடவும் கூடும். காலையில் அழுத்தமானியை வைத்துப் பார்க்காத சோஃபருக்குக் கயிறு டயர் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

முன்சக்கரத்துக்கு ஆடம்பரம் தேவையில்லை. இழுப்பதும் பின்சக்கரம், நிறுத்துவதும் பின்சக்கரம். அந்தக் காலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் பிரேக்கே இல்லை. பின்னால் கொஞ்சம் தேய்ந்த டயரை முன்னால் போட்டு ஓட்டலாம், வெடிக்கும் அறிகுறி இல்லாத வரைக்கும்.

அப்புறம், கழற்றி மாட்டும் விஷயம். மர ஆரக்கால்கள் கொண்ட நிலையான சக்கரத்தில் பஞ்சர் ஆனால் நடப்பது இது. ஜாக்கி போட்டுத் தூக்கு. விளிம்பைப் பிடித்திருக்கும் நாலைந்து போல்ட்டைத் தளர்த்து. நெம்புகோல் இரண்டைச் செருகி, முழங்காலை ஊன்றி, விளிம்பை வெளியே இழு. டியூப்பை உருவு, சுண்ணாம்பு மாதிரி இருக்கும் 'பிரெஞ்ச் சாக்' பொடியைத் தூவி மாற்று டியூப்பை நுழை. போல்ட்டுக்கு அடியில் டியூப் மாட்டிக்கொண்டால் காற்று அடித்ததும் திரும்ப பஞ்சர், முதலிலிருந்து ஆரம்பி. எல்லாம் சரியாக வந்தால் கைப்பம்பால் 80 பவுண்டு வரும் வரை அடி. பாதி வழியிலேயே சட்டை நனைந்துவிடும்.

இதற்கு 1904-ல் வேல்ஸின் லனெல்லியில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி செய்தார்கள். ஆரக்கால்களே இல்லாத வெறும் ரிம், அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்விப் பூட்டிவிட்டு வீடு போய்ச் சேரலாம். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில், பெயரும் ஸ்டெப்னி. இங்கிலாந்தில் அந்தச் சொல்லை மறந்து நாளாகிவிட்டது. நம் ஊரில் இன்றைக்கும் "ஸ்டெப்னில காத்து இருக்கா?" என்று கேட்காமல் யாரும் நெடும்பயணம் கிளம்புவதில்லை.

ஆனால் ஸ்டெப்னியைவிடக் கழற்றும் ரிம் மேல். 1906-ல் லெ மான் ஊருக்கு வெளியே நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் மிஷலின் அதைக் கொண்டுவந்தது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் மட்டுமே டயரைத் தொடலாம் என்று விதி. மற்றவர்களில் பலர் வெந்து ஒட்டிய டயரைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருக்க, ரெனோ ஓட்டிய ஃபெரென்ஸ் ஸிஸ் சில நிமிடங்களில் காற்றடித்த ரிம்மை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய் ஜெயித்தார். 1910-ல் இன்னும் ஒரு படி போய், நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு கொண்ட ரட்ஜ்-விட்வொர்த் கம்பிக்கால் சக்கரம் கிடைக்கிறது. சக்கரத்தையே கழற்றி இன்னொன்றைப் பூட்டலாம். நம் லிமூசினுக்கு அதுதான் சரி. மாற்று டயர் சேதமாகாமல் இருக்க இன்னொரு லாபமும் உண்டு: சாலையோரப் புழுதியில் நெம்பி நெம்பி விளிம்பைக் கிழிக்கும் வேலை மிச்சம்.

எப்போது வாங்குவது என்பதும் ஒரு கேள்வி. 1910 ஏப்ரலில் லண்டனில் ரப்பர் ஒரு பவுண்டு எடை 12 ஷில்லிங்குக்கு மேல் போயிற்று. அமேசான் காட்டு ரப்பர் போதவில்லை. மலாயா, இலங்கைத் தோட்டங்களில் நட்ட மரங்களில் பெரும்பாலானவை அப்போதுதான் பால் கொடுக்கும் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தன. அந்த மலாயா மரங்களைச் சீவப் போனவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துத் தமிழர்கள். 1913-ல் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. ஆக, 1910 வசந்தத்தில் டயர் மொத்தமாக வாங்கி அடுக்குவது மோசமான யோசனை. அதே ஆண்டிலேயே ரப்பர் விலை சரிந்தது.

மொத்தமாக வாங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், டயர் அப்போது இன்னும் கறுக்கவில்லை. பெரும்பாலும் வெள்ளை அல்லது சாம்பல் நிறம். ரப்பரோடு துத்தநாகச் சுண்ணம் கலந்தது. 1904-ல் அதே சில்வர்டவுன் ஆலையில் எஸ்.சி. மோட் ரப்பரில் கரிப்புகையைக் கலந்து பார்த்து, அது வலுவாவதைக் கண்டுபிடித்தார். 1910 வாக்கில் அந்த ரகசியம் அமெரிக்காவின் டயமண்ட் கம்பெனிக்குப் போய், இரண்டு ஆண்டில் டயமண்டே குட்ரிச்சோடு சேர்ந்தது. கரி கலந்த மிதிப்பு பழையதைவிடப் பல மடங்கு தேய்மானம் தாங்கியது. பரணில் அடுக்கிய வெள்ளை டயர் அதற்குள் வெளிச்சம் பட்டு வெடிப்பு விட்டிருக்கும். ஆகவே நாலு டயர் வண்டியில், இரண்டு டயர் கறுப்புத் துணி சுற்றி இருட்டறையில், எண்ணெய் சொட்டாத மூலையில். அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம்.